ஆங்கில மரபுத்தொடர்கள்

ஆங்கில மரபுத்தொடர்கள் என்பன, தம்முள் அடங்கியுள்ள சொற்களின் நேர்ப்பொருளைக் கூட்டிப் பார்த்து அறிய முடியாத, வழக்கினால் நிலைபெற்ற தனிப்பொருளைக் கொண்ட ஆங்கிலச் சொற்றொடர்களாகும். எடுத்துக்காட்டாக, "ஸ்பில் த பீன்ஸ்" என்னும் தொடருக்குச் சொல்லுக்குச் சொல் "அவரை விதைகளைச் சிந்துதல்" என்பது பொருள். ஆனால், வழக்கில் இது "மறைத்து வைத்த செய்தியை வெளியிட்டுவிடுதல்" என்பதையே குறிக்கிறது. அவரையின் பொருளையும் சிந்துதலின் பொருளையும் நன்கறிந்த ஒருவர்கூட, இத்தொடரை முன்பு கேட்டிராவிட்டால், பொருளைத் தவறாக விளங்கிக்கொள்ளக்கூடும்.

அன்றாடப் பேச்சு, செய்தித்தாள், அலுவலக மடல், நாடாளுமன்ற உரை என ஆங்கிலத்தின் எல்லா நடைகளிலும் மரபுத்தொடர்கள் பயின்று வருகின்றன. இதனால் ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்போருக்கும், மொழிபெயர்ப்பாளர்களுக்கும், மொழியைக் கையாளும் கணினி நிரல்களை எழுதுவோருக்கும் இவை பெரும் இடராக அமைந்துள்ளன.

பெயரும் வரையறையும்

ஆங்கிலத்தில் மரபுத்தொடர் "இடியம்" எனப்படுகிறது. இச்சொல், "தனக்கே உரிய" என்னும் பொருளுடைய "இடியோஸ்" என்ற கிரேக்கச் சொல்லை வேராகக் கொண்டது. ஒரு மொழிக்கே உரிய தனிப் போக்கு என்பதே இதன் தொடக்கப் பொருளாகும். தமிழில் "மரபு" என்னும் சொல், முன்னோர் வழங்கியவாறே வழங்குதல் என்னும் கருத்தைத் தருவதால், "மரபுத்தொடர்" என்பது பொருத்தமான கலைச்சொல்லாக அமைகிறது.

மரபுத்தொடரும் பழமொழியும் ஒன்றல்ல. பழமொழி ஒரு முழுக் கருத்தைக் கூறும் வாக்கியமாக அமையும். அறிவுரையாகவோ பட்டறிவாகவோ தனித்து நிற்கும். மரபுத்தொடரோ பெரும்பாலும் வாக்கியத்தின் ஓர் உறுப்பாகவே வரும். தமிழில் "ஆழம் அறியாமல் காலை விடாதே" என்பது பழமொழி. "கம்பி நீட்டுதல்" என்பது மரபுத்தொடர்.

இயல்புகள்

பொருள் ஒளிவு

எல்லா மரபுத்தொடர்களும் ஒரே அளவில் பொருளை மறைப்பதில்லை. இவற்றைப் பொதுவாக மூன்று நிலைகளில் வைத்து நோக்கலாம்.

* ஒளிவானவை: சொற்களிலிருந்து பொருளை ஊகிக்கவே முடியாதவை. "கிக் த பக்கெட்" (நேர்ப்பொருள்: வாளியை உதைத்தல், வழக்குப் பொருள்: சாதல்) இவ்வகையைச் சேர்ந்தது.
* ஓரளவு தெளிவானவை: காரணம் கூறினால் பொருள் விளங்குபவை. "த்ரோ இன் த டவல்" (துண்டை எறிதல்) என்பது தோல்வியை ஒப்புக்கொள்ளுதலைக் குறிக்கும். குத்துச்சண்டையில் தம் வீரரால் இனித் தொடர முடியாது என்பதை அறிவிக்க, அவருடைய உதவியாளர்கள் துண்டை மேடையில் எறிவது வழக்கம் என்பதை அறிந்தவருக்கு இது எளிதில் விளங்கும்.
* தெளிவானவை: படிமத்திலிருந்தே பொருளை உணரத்தக்கவை. "ஆட் ஃபியூவல் டு த ஃபயர்" (தீயில் எரிபொருள் சேர்த்தல்) என்பது சிக்கலை மேலும் பெரிதாக்குதல் ஆகும்.

இலக்கண இறுக்கம்

மரபுத்தொடர்களின் சொற்களை விருப்பம்போல் மாற்ற இயலாது. "கிக் த பக்கெட்" என்பதில் வாளி என்பதற்கு வேறொரு கலத்தின் பெயரை இட்டால் மரபுப்பொருள் மறைந்துவிடும். இதையே செயப்பாட்டு வினையாக்கி "வாளி அவரால் உதைக்கப்பட்டது" என்னும் அமைப்பில் கூறினால், உண்மையிலேயே ஒரு வாளி உதைபட்டதாகவே ஆங்கிலேயர் பொருள் கொள்வர்.

ஆனால், "ஸ்பில் த பீன்ஸ்" என்பதைச் செயப்பாட்டு வினையில் கூறினாலும் மரபுப்பொருள் கெடுவதில்லை. இந்த வேறுபாட்டை மொழியியலாளர்கள் ஜெஃப்ரி நன்பர்க், ஐவன் சாக், தாமஸ் வாசோ ஆகியோர் 1994 இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் விரிவாக விளக்கினர். "ஸ்பில் த பீன்ஸ்" என்பதில் சிந்துதல் வெளியிடுதலையும், அவரை மறைச்செய்தியையும் குறிப்பதாகத் தொடரின் பொருளைப் பகுத்துப் பார்க்க முடிகிறது. சாதல் என்னும் பொருளை இவ்வாறு உதைத்தல் என்றும் வாளி என்றும் பங்கிட முடியாது. பொருளைப் பகிர்ந்தளிக்கக் கூடிய தொடர்கள் இலக்கண மாற்றங்களுக்கு இடந்தருகின்றன. மற்றவை இறுகிய கட்டிகளாகவே நிற்கின்றன.

மாறா இணைகள்

"ஸ்பிக் அண்ட் ஸ்பான்" (மிகத் தூய்மையாக), "பை அண்ட் லார்ஜ்" (பொதுவாகப் பார்க்குமிடத்து) போன்றவற்றில் இரு சொற்களின் வரிசையை மாற்ற இயலாது. தமிழில் "அக்கம் பக்கம்", "அரிதும் பெரிதும்" ஆகியவற்றை மாற்றிக் கூறுவதில்லை என்பதோடு இதனை ஒப்பிடலாம்.

தோன்றிய களங்கள்

கடல் வாழ்க்கை

பல நூற்றாண்டுகளாகப் பாய்மரக் கப்பல்களை நம்பி வாழ்ந்த நாடு இங்கிலாந்து. எனவே மாலுமிகளின் தொழிற்சொற்கள் பல பொதுவழக்கில் கலந்தன. "பை அண்ட் லார்ஜ்" என்பதில் "பை" என்பது காற்றின் திசையை நெருங்கி எதிர்த்துச் செல்லுதலையும், "லார்ஜ்" என்பது காற்று பின்புறமிருந்து வீசச் செல்லுதலையும் குறித்தன. இரு நிலைகளிலும் நன்கு ஓடும் கப்பலைப் பற்றிய பேச்சு, "எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கையில்" என்னும் பொருளைப் பெற்றது.

"த்ரீ ஷீட்ஸ் டு த விண்ட்" என்பது மிகுந்த குடிபோதையில் இருப்பதைக் குறிக்கும். இங்கே "ஷீட்" என்பது துணியன்று. பாயின் கீழ்மூலையை இழுத்துக் கட்டும் கயிறாகும். கயிறுகள் அவிழ்ந்து காற்றில் ஆடும்போது பாய் படபடத்துக் கப்பல் தள்ளாடும். "லேர்ன் த ரோப்ஸ்" (கயிறுகளைக் கற்றல்) என்பது ஒரு தொழிலின் நுணுக்கங்களைப் பழகிக்கொள்ளுதல் ஆகும்.

விவிலியம்

1530 களில் வில்லியம் டின்டேல் செய்த மொழிபெயர்ப்புகளும், 1611 இல் வெளியான ஜேம்சு மன்னர் பதிப்பும் ஆங்கில நடையில் ஆழ்ந்த தாக்கத்தை ஏற்படுத்தின. "த ரைட்டிங் ஆன் த வால்" (சுவரில் எழுத்து: வரவிருக்கும் அழிவின் அறிகுறி) தானியேல் நூலின் 5 ஆம் அதிகாரத்தில் வரும் நிகழ்ச்சியிலிருந்து வந்தது. "பை த ஸ்கின் ஆஃப் ஒன்ஸ் டீத்" (பல்லின் தோல் அளவில்: மயிரிழையில் தப்புதல்) யோபு நூலிலிருந்து பிறந்தது. பிறர் குற்றத்தைச் சுமப்பவரைக் குறிக்கும் "ஸ்கேப்கோட்" என்னும் சொல்லை டின்டேலே உருவாக்கினார்.

இலக்கியமும் நாடகமும்

ஷேக்ஸ்பியரின் நாடகங்கள் பல தொடர்களைப் பரவச் செய்தன. "வைல்டு கூஸ் சேஸ்" (வீண் அலைச்சல்) ரோமியோ ஜூலியட்டிலும், பொறாமையைக் குறிக்கும் "கிரீன் ஐடு மான்ஸ்டர்" (பச்சைக்கண் பூதம்) ஒதெல்லோவிலும் இடம்பெற்றவை. அண்மைக்கால எடுத்துக்காட்டாக, ஜோசப் ஹெல்லர் 1961 இல் வெளியிட்ட புதினத்தின் தலைப்பான "கேட்ச் டுவென்டி டூ" என்பதைக் குறிப்பிடலாம். எந்தப் பக்கம் திரும்பினாலும் விதியே வழியை அடைத்துவிடும் நிலையை இது குறிக்கிறது.

விளையாட்டு

துடுப்பாட்டத்திலிருந்து வந்தவற்றுள் "ஹாட்ரிக்" புகழ்பெற்றது. 1858 இல் ஷெஃபீல்டு நகரில் எச். எச். ஸ்டீஃபன்சன் அடுத்தடுத்த மூன்று பந்துகளில் மூன்று இலக்குகளை வீழ்த்தினார். அவருக்காகப் பணம் திரட்டப்பட்டு ஒரு தொப்பி வாங்கி அளிக்கப்பட்டது. இன்று எத்துறையிலும் தொடர்ந்து மூன்று முறை பெறும் வெற்றியை இது சுட்டுகிறது. "ஸ்டிக்கி விக்கெட்" என்பது இக்கட்டான நிலை. மழையில் நனைந்து பின் வெயிலில் காயும் ஆடுகளத்தில் பந்து எதிர்பாராத வகையில் எழும்புவதால் இப்பொருள் ஏற்பட்டது.

வரலாற்று நிகழ்வுகள்

* ஹாப்சன்ஸ் சாய்ஸ்: தேர்வு இருப்பதுபோல் தோன்றினும் உண்மையில் இல்லாத நிலை. கேம்பிரிட்ஜில் குதிரைகளை வாடகைக்கு விட்ட தாமஸ் ஹாப்சன் (1544-1631), கொட்டிலின் வாயிலுக்கு அருகில் நிற்கும் குதிரையை மட்டுமே தருவார். விருப்பமில்லையெனில் வெறுங்கையுடன் திரும்ப வேண்டியதுதான்.
* ரீட் த ரயட் ஆக்ட்: கடுமையாக எச்சரித்தல். 1715 இல் நடைமுறைக்கு வந்த பிரித்தானியக் கலகச் சட்டத்தின்படி, பன்னிருவர் அல்லது அதற்கு மேற்பட்டோர் கூடிக் கலகம் செய்தால், அலுவலர் ஒருவர் அறிவிப்பை உரக்கப் படிப்பார். ஒரு மணி நேரத்துக்குள் கலையாதவர் கடுந்தண்டனைக்கு உள்ளாயினர். அச்சட்டம் நீக்கப்பட்டுவிட்டது, தொடர் நிலைத்துவிட்டது.
* டர்ன் எ பிளைண்ட் ஐ: கண்டும் காணாமலிருத்தல். 1801 இல் கோபன்ஹேகன் கடற்போரில், பின்வாங்குமாறு தலைமைத் தளபதி காட்டிய குறியைக் காணாதது போல, நெல்சன் தொலைநோக்கியைத் தம் பார்வையற்ற கண்ணில் வைத்தார் என்னும் செய்தியுடன் இது இணைத்துக் கூறப்படுகிறது.
* மீட் ஒன்ஸ் வாட்டர்லூ: இறுதித் தோல்வியைச் சந்தித்தல். 1815 சூன் 18 அன்று வாட்டர்லூவில் நெப்போலியன் தோற்றதை அடிப்படையாகக் கொண்டது.

பரவலாக வழங்கும் சில தொடர்கள்

கீழே, தொடரும் அடைப்புக்குறிக்குள் அதன் நேர்ப்பொருளும், பின்னர் வழக்குப் பொருளும் தரப்பட்டுள்ளன.

* பிரேக் தி ஐஸ் (பனிக்கட்டியை உடைத்தல்): அறிமுகமற்றோரிடையே நிலவும் தயக்கத்தைப் போக்கிப் பேச்சைத் தொடங்குதல்.
* பைட் த புல்லட் (துப்பாக்கிக் குண்டைக் கடித்தல்): தவிர்க்க முடியாத துன்பத்தைத் துணிந்து ஏற்றல்.
* கெட் கோல்டு ஃபீட் (பாதம் குளிர்தல்): கடைசி நேரத்தில் அஞ்சிப் பின்வாங்குதல்.
* பை எ பிக் இன் எ போக் (பைக்குள் இருக்கும் பன்றிக்குட்டியை வாங்குதல்): பொருளைப் பார்க்காமலே வாங்கி ஏமாறுதல்.
* லெட் த கேட் அவுட் ஆஃப் த பேக் (பையிலிருந்து பூனையை வெளியே விடுதல்): மறைச்செய்தியைத் தவறுதலாக வெளியிடுதல்.
* பார்க் அப் த ராங் ட்ரீ (தவறான மரத்தை நோக்கிக் குரைத்தல்): தவறான இடத்தில் தேடுதல் அல்லது தவறானவர்மேல் குற்றஞ்சாட்டுதல்.
* பர்ன் த மிட்நைட் ஆயில் (நள்ளிரவு எண்ணெயை எரித்தல்): இரவு வெகுநேரம் விழித்துப் படித்தல் அல்லது உழைத்தல்.
* பால்பார்க் ஃபிகர் (பந்தாட்டத் திடல் எண்): தோராயமான தொகை. அமெரிக்க அடிபந்தாட்டத்தின் வழி வந்தது.
* மூவ் த கோல்போஸ்ட்ஸ் (கோல் கம்பங்களை நகர்த்துதல்): செயல் நடந்துகொண்டிருக்கையிலேயே விதிகளை மாற்றுதல்.

தவறான தோற்றக் கதைகள்

மரபுத்தொடர்கள் எவ்வாறு தோன்றின என்பது பற்றிச் சுவையான கதைகள் பல வழங்குகின்றன. இவற்றில் கணிசமானவை, தொடர் வழக்குக்கு வந்து நெடுங்காலத்துக்குப் பின் புனையப்பட்டவை. 1999 இல் மின்னஞ்சல் வழியாகப் பரவிய "1500 களில் வாழ்க்கை" என்னும் கட்டுரை இத்தகைய கதைகள் பலவற்றின் ஊற்றாகும்.

"ரெயினிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்" (பூனைகளும் நாய்களுமாகப் பெய்தல்: கனமழை பொழிதல்) என்பதற்கு, ஓலைக் கூரையில் படுத்திருந்த விலங்குகள் மழையில் வழுக்கி விழுந்தமையே காரணம் என அக்கட்டுரை கூறியது. ஆனால், மழைக்கு அஞ்சும் விலங்கு கூரையின் மேற்புறத்தில் சென்று படுக்க வாய்ப்பில்லை. நாய்களும் பூனைகளும் மழையாகப் பொழியும் கற்பனை 17 ஆம் நூற்றாண்டின் எழுத்துகளில் காணப்படுகிறது. இன்றைய வடிவிலேயே ஜொனாதன் சுவிஃப்ட் 1738 இல் வெளியிட்ட நூலில் இத்தொடர் இடம்பெற்றுள்ளது.

"ரூல் ஆஃப் தம்ப்" (கட்டைவிரல் விதி) என்பது பட்டறிவால் வந்த தோராய முறையைக் குறிக்கும். கட்டைவிரலின் பருமனுக்கு மேற்படாத கோலால் கணவன் மனைவியை அடிக்கலாம் என்று ஆங்கிலச் சட்டம் கூறியதாகவும், அதிலிருந்தே இத்தொடர் பிறந்ததாகவும் ஒரு கதை உண்டு. அத்தகைய சட்டம் எதுவும் இருந்ததில்லை. பிரான்சிஸ் புல்லர் என்னும் நீதிபதி அவ்வாறு கூறியதாகப் பரவிய செய்தியை வைத்து, 1782 இல் ஜேம்ஸ் கில்ரே அவரைக் கேலிச்சித்திரமாக வரைந்தார். தொடரோ அதற்கு நூறாண்டுகளுக்கு முன்பே வழக்கில் இருந்தது. கைவிரலை அளவுகோலாகக் கொண்டு மதிப்பிடும் தொழிலாளர் பழக்கமே இதன் அடிப்படை எனக் கருதப்படுகிறது.

"கால் எ ஸ்பேட் எ ஸ்பேட்" (மண்வெட்டியை மண்வெட்டி என்றே கூறுதல்: ஒளிவுமறைவின்றிப் பேசுதல்) என்பதன் வரலாறு வேறு வகையில் சுவையானது. கிரேக்க மூலத்தில் இருந்தது தொட்டி அல்லது குழிந்த மரக்கலத்தைக் குறிக்கும் சொல்லாகும். எராசுமசு இதனை இலத்தீனில் தந்தபோது தோண்டும் கருவியின் பெயராக மாற்றிவிட்டார். நிக்கலஸ் யூடல் 1542 இல் அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க, பிழையே மரபாகிவிட்டது.

ஒரு தொடரின் தோற்றத்தை ஆராய்வோர், அது எழுத்தில் முதன்முதலாக எப்போது காணப்படுகிறது என்பதையே முதற்சான்றாகக் கொள்கின்றனர். கதை கூறும் காலத்துக்கும் எழுத்துச் சான்றின் காலத்துக்கும் இடையே பல நூற்றாண்டு இடைவெளி இருப்பின், அக்கதையை ஐயத்துடனேயே நோக்குதல் வேண்டும். "கிக் த பக்கெட்" 1785 இல் பிரான்சிஸ் குரோஸ் தொகுத்த கொச்சைமொழி அகராதியில் இடம்பெற்றுள்ளது. எனினும், வாளி எதைச் சுட்டுகிறது என்பதில் அறிஞரிடையே ஒருமித்த கருத்து இல்லை. கொன்ற பன்றியைத் தொங்கவிடும் உத்தரத்துக்கு அப்பெயர் வட்டார வழக்கில் இருந்தது என்பது ஒரு விளக்கம்.

இந்தியத் தொடர்பு

பிரித்தானிய ஆட்சியின்போது இந்தியாவில் புழங்கிய சொற்கள் சில ஆங்கில வழக்கில் நிலைபெற்றன. என்றி யூல், தஞ்சாவூரில் நீதிபதியாகப் பணியாற்றிய ஆர்தர் பர்னல் ஆகியோர் தொகுத்த "ஹாப்சன் ஜாப்சன்" அகராதி (1886) இத்தகைய சொற்களின் பெருந்தொகுப்பாகும். அறிவு பேதலித்தலைக் குறிக்கும் "கோ டூலாலி" என்னும் தொடர், நாசிக் அருகிலுள்ள தேவ்லாலி படைமுகாமின் பெயரிலிருந்து வந்தது. தாயகம் திரும்பக் கப்பலுக்காகப் படைவீரர்கள் அங்கே காத்துக்கிடந்தனர். எதிர்ப்பட்டதையெல்லாம் நசுக்கிச் செல்லும் பேராற்றலைக் குறிக்கும் "ஜகர்நாட்", பூரி செகநாதர் தேரிலிருந்து பிறந்தது.

இதற்கு மாறாக, இந்தியத் தொடர்பு உள்ளதுபோல் தோன்றி ஏமாற்றுபவையும் உள்ளன. முகத்துதி செய்து தயவைப் பெறுதலைக் குறிக்கும் "கரி ஃபேவர்" என்பதற்கும் தமிழ்ச் சொல்லான கறிக்கும் எத்தொடர்பும் இல்லை. இங்கு "கரி" என்பது குதிரையைத் தேய்த்துத் துப்புரவு செய்தல் ஆகும். 14 ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு அங்கதக் கதையொன்றில் ஃபாவெல் என்னும் குதிரையை எல்லோரும் போட்டியிட்டுத் தேய்த்துவிடுகின்றனர். அக்குதிரையின் பெயரே காலப்போக்கில் தயவு எனப் பொருள்படும் "ஃபேவர்" ஆகத் திரிந்தது.

பிரித்தானிய, அமெரிக்க வேறுபாடுகள்

ஒரே தொடர் அத்திலாந்திக்கின் இருகரையிலும் சிறிது மாறி வழங்குவதுண்டு. பிரித்தானியர் "அலமாரிக்குள் எலும்புக்கூடு" என்பதற்குக் "கப்போர்டு" என்னும் சொல்லையும் அமெரிக்கர் "கிளாசெட்" என்னும் சொல்லையும் பயன்படுத்துவர். அற்பச் செய்திக்கு எழும் பெருங்கூச்சல் பிரித்தானியருக்குத் தேநீர்க் கோப்பையில் எழும் புயல். அமெரிக்கருக்குத் தேநீர்க் கெண்டியில் எழும் புயல்.

இவ்வேறுபாடுகள் எப்போதும் தீங்கற்றவையாக இருப்பதில்லை. கூட்டங்களில் ஒரு பொருளை "டேபிள்" செய்தல் என்பது பிரித்தானிய வழக்கில் உடனே விவாதத்துக்கு எடுத்தலையும், அமெரிக்க வழக்கில் ஒத்திவைத்தலையும் குறிக்கும். இரண்டாம் உலகப் போரின்போது இச்சொல்லால் இரு நாட்டு அதிகாரிகளிடையே நீண்ட வாக்குவாதம் நிகழ்ந்ததை வின்ஸ்டன் சர்ச்சில் தம் போர் நினைவுகளில் குறிப்பிட்டுள்ளார்.

கொரியப் போரில் 1951 ஏப்ரலில் நடைபெற்ற இம்ஜின் ஆற்றுச் சண்டை இன்னும் துயரமானது. பிரித்தானிய 29 ஆவது படையணியின் தலைவர் டாம் புரோடி, தம் மேலதிகாரியான அமெரிக்கத் தளபதி ராபர்ட் சோலிடம் நிலைமை சற்று "ஸ்டிக்கி" ஆக உள்ளது என்று கூறியதாகப் பரவலாகச் சொல்லப்படுகிறது. பேராபத்தையும் அடக்கிக் கூறும் பிரித்தானிய வழக்கில் இது நிலைமை மிக மோசம் என்பதாகும். அமெரிக்கத் தளபதியோ, தொல்லை இருப்பினும் தாக்குப்பிடித்து வருகின்றனர் என்று விளங்கிக்கொண்டார். குளொஸ்டர்ஷயர் படைப்பிரிவினர் 235 ஆம் குன்றில் சூழப்பட்டு, அவர்களுள் பெரும்பாலோர் கொல்லப்பட்டனர் அல்லது சிறைப்பட்டனர். அத்தோல்விக்கு வேறு காரணங்களும் உண்டு. எனினும், ஒரே மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட இருவரிடையேகூட வழக்குப் பொருள் பிறழக்கூடும் என்பதற்கு இது எடுத்துக்காட்டாகக் காட்டப்படுகிறது.

தமிழுடன் ஒப்பீடு

கருத்தில் ஒத்தவை

சில ஆங்கிலத் தொடர்களுக்கு வேறு படிமத்தில் அதே கருத்தைத் தரும் தமிழ் வழக்குகள் உள்ளன.

* ஒன்ஸ் இன் எ புளூ மூன் (நீல நிலவின்போது ஒருமுறை): அத்தி பூத்தாற்போல்.
* கில் டூ பேர்ட்ஸ் வித் ஒன் ஸ்டோன் (ஒரே கல்லால் இரு பறவைகளைக் கொல்லுதல்): ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.
* கேரி கோல்ஸ் டு நியூகாசில் (நியூகாசிலுக்கு நிலக்கரி கொண்டுசெல்லுதல்): கொல்லன் தெருவில் ஊசி விற்றல். நியூகாசில் நிலக்கரி ஏற்றுமதிக்குப் பெயர்பெற்ற துறைமுகமாக விளங்கியது.
* கெட் பிளட் ஃப்ரம் எ ஸ்டோன் (கல்லிலிருந்து குருதி எடுத்தல்): கல்லில் நார் உரித்தல்.
* பில்டு காசில்ஸ் இன் தி ஏர் (காற்றில் கோட்டை கட்டுதல்): மனக்கோட்டை கட்டுதல்.

மொழிபெயர்ப்பாக வந்தவை

ஆங்கிலத் தொடர்கள் தமிழில் பெயர்க்கப்பட்டு, செய்தித்தாள்கள் வழியாக வேரூன்றியதும் உண்டு. அலுவலகக் காலத்தாழ்வைக் குறிக்கும் "சிவப்பு நாடா", பயனின்றிச் செலவு வைக்கும் "வெள்ளை யானை", குழுவுக்கு இழுக்கான "கறுப்பு ஆடு" ஆகியன இவ்வாறு வந்தவை. "கிரீன் லைட்" (பச்சை விளக்கு) என்பது தமிழில் தொடர்வண்டிக் காவலரின் "பச்சைக்கொடி"யாக இடம்பெற்றிருப்பது, படிமம் ஏற்கும் மண்ணுக்கேற்ப மாறுவதைக் காட்டுகிறது.

ஒத்ததுபோல் தோன்றி வேறுபடுபவை

தமிழ் மாணவர்களைப் பெரிதும் தடுமாறச் செய்பவை இவையே. சொற்கள் இரு மொழியிலும் பொருந்துவதால், பொருளும் பொருந்தும் எனக் கொள்வது இயல்பு.

* "புல் சம்வன்ஸ் லெக்" (காலை இழுத்தல்) என்பது விளையாட்டாகக் கேலி செய்தல். தமிழில் "காலை வாருதல்" நம்பியவரை ஏமாற்றிக் கவிழ்த்தலாகும். நண்பர் கேலி செய்தார் என்ற செய்தி, பெயர்ப்பில் நண்பர் வஞ்சித்தார் என்றாகிவிடும்.
* "கீப் அன் ஐ ஆன்" (கண் வைத்திருத்தல்) என்பது கவனித்துப் பார்த்துக்கொள்ளுதல். தமிழில் ஒன்றின்மேல் "கண் வைத்தல்" அதனை அடைய விரும்புதலையோ கண்ணேறு படுதலையோ குறிக்கும்.
* "த லாங் ஆர்ம் ஆஃப் த லா" (சட்டத்தின் நீண்ட கை) என்பது எங்கு ஒளிந்தாலும் சட்டம் பிடித்துவிடும் என்பதாகும். தமிழில் "கை நீளம்" எனில் திருட்டுப் பழக்கம் உள்ளவர் என்று பொருள்.
* "ஈட் ஒன்ஸ் வேர்ட்ஸ்" (சொற்களை உண்ணுதல்) என்பது முன்பு சொன்னது தவறென ஒப்புக்கொள்ளுதல். தமிழில் "வார்த்தையை விழுங்குதல்" முழுமையாகச் சொல்லாமல் மறைத்தல் அல்லது தயங்குதல் ஆகும்.

இயந்திர மொழிபெயர்ப்பில் மரபுத்தொடர்கள்

1954 சனவரி 7 அன்று ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகமும் ஐபிஎம் நிறுவனமும் இணைந்து, உருசிய வாக்கியங்களை ஆங்கிலத்தில் பெயர்க்கும் கணினியைப் பொதுமக்களுக்குக் காட்டின. அதில் இருந்தவை 250 சொற்களும் 6 இலக்கண விதிகளும் மட்டுமே. சில ஆண்டுகளில் மொழிபெயர்ப்புச் சிக்கல் தீர்ந்துவிடும் என்ற எதிர்பார்ப்பு எழுந்தது. ஆனால், 1966 இல் வெளியான அல்பாக் குழுவின் அறிக்கை அந்நம்பிக்கையைத் தளர்த்தியது.

சொல்லுக்குச் சொல் பெயர்க்கும் முறைக்கு மரபுத்தொடர்கள் பொருந்தாதவை. நிரலின் அகராதியில் முழுத்தொடரையும் ஒரே சொல்போலச் சேர்ப்பது ஒரு தீர்வு. ஆயினும், "ஸ்பில் த பீன்ஸ்" போன்ற தொடர்கள் காலம் காட்டவும், நடுவில் அடைமொழி ஏற்கவும், செயப்பாட்டு வினையாகவும் உருமாறுவதால் இத்தீர்வு போதாது. மேலும், சமையலறையில் ஒருவர் உண்மையிலேயே அவரையைச் சிந்தியிருக்கலாம். அப்போது நேர்ப்பொருளே சரியானது. எப்பொருள் உரியது என்பதைச் சூழலைக் கொண்டே முடிவு செய்தல் வேண்டும். 2002 இல் ஐவன் சாக் உள்ளிட்டோர் எழுதிய ஆய்வுக் கட்டுரை, பலசொல் தொடர்களைக் கணினி மொழியியலின் கழுத்துவலி என்று தலைப்பிலேயே வருணித்தது. அதுவும் ஒரு மரபுத்தொடரே.

2016 முதல் பரவலான நரம்பிணைய மொழிபெயர்ப்பு முறை, சூழலைக் கணக்கில் கொள்வதால் புகழ்பெற்ற தொடர்களை முன்னைவிட நன்கு கையாளுகிறது. அரிதான தொடர்களிலும், பயிற்சிக்குரிய உரைகள் குறைவாக உள்ள மொழிகளிலும் பிழைகள் தொடர்கின்றன.

கற்றலும் பயன்பாடும்

இந்தியாவில் பள்ளித் தேர்வுகளிலும் அரசுப் பணிக்கான போட்டித் தேர்வுகளிலும் ஆங்கில மரபுத்தொடர்களின் பொருளைக் கேட்கும் வினாக்கள் இடம்பெறுகின்றன. இதனால் மாணவர்கள் பட்டியல்களை மனப்பாடம் செய்வது வழக்கமாகியுள்ளது. பொருளை மட்டும் கற்று, அது எவ்விடத்துக்கு உரியது என்பதைக் கல்லாமல் விடுவதே இம்முறையின் குறையாகும்.

சாதலைக் குறிக்கும் தொடர்கள் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். "பாஸ் அவே" (கடந்து செல்லுதல்) என்பது தமிழில் "இயற்கை எய்தினார்" என்பதுபோல், நன்னூலார் கூறும் மங்கல வழக்குக்கு ஒப்பானது. "கிக் த பக்கெட்" என்பதோ "மண்டையைப் போட்டான்" என்பதற்கு நிகரான கேலி வழக்கு. பட்டியலில் இரண்டுக்கும் "இறத்தல்" என்ற ஒரே பொருளே தரப்பட்டிருக்கும். அதை நம்பி, ஒருவர் தந்தையை இழந்த நண்பருக்கு எழுதும் இரங்கல் மடலில் பின்னதைக் கையாண்டால், இலக்கணப் பிழை ஏதுமின்றியே நண்பரின் மனத்தைப் புண்படுத்த நேரிடும்.

எனவே ஒரு தொடரைக் கற்கும்போது பின்வருவனவற்றையும் அறிந்துகொள்வது பயனுடையது.

* நடை: அது எழுத்து வழக்கா, பேச்சு வழக்கா, கொச்சையா.
* இடம்: பிரித்தானிய வழக்கா, அமெரிக்க வழக்கா, இந்திய வழக்கா. வெளியூர் சென்றிருத்தலைக் குறிக்கும் "அவுட் ஆஃப் ஸ்டேஷன்" இந்திய ஆங்கிலத்தில் இயல்பானது. பிற நாட்டினருக்குப் பெரும்பாலும் புரியாது.
* காலம்: இன்றும் வழங்குகிறதா. "ரெயினிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்" பாடநூல்களில் தவறாமல் இடம்பெறினும், இன்றைய பேச்சில் பழைய நடையாகவே கருதப்படுகிறது.
* வடிவம்: எச்சொல்லை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது.

பொருள் தெரிந்த தொடரைக் கேட்டு விளங்கிக்கொள்வது எளிது. அதையே பிழையின்றிக் கையாள்வது கடினம். முழு வாக்கியங்களில், உரிய சூழலில், பலமுறை படித்தும் கேட்டும் பழகிய பின்னரே தம் எழுத்தில் ஆளுவது நன்று.

இவற்றையும் பார்க்கவும்

* மரபுத்தொடர்
* பழமொழி
* ஆகுபெயர்
* இடக்கரடக்கல்
* இந்திய ஆங்கிலம்
* இயந்திர மொழிபெயர்ப்பு